ஊர்க் கபடி, வாலிபால் குழுக்களுக்கு நிதி திரட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊர்க் கபடிக் குழுவில் ஆடும் பதினைந்து வயதுப் பிள்ளை மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டால், அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்தே வீட்டில் எழும் கேள்வி, வேன் வாடகைக்கும் காலணிக்கும் யார் கொடுப்பார்கள் என்பதுதான். பல ஊர்களில் பயிற்சியாளர் தன் சொந்தப் பணத்தில் அதைச் சமாளிக்கிறார். அவர் வேலை மாறிச் சென்றாலோ, அவர் வீட்டில் ஒரு பெரிய செலவு வந்தாலோ குழு நின்றுபோகிறது. ஒருவரை நம்பி நிற்காமல் ஊரே சேர்ந்து தாங்கும்படி ஓர் இளையோர் குழுவின் வரவை எப்படி அமைப்பது என்பதைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் மனத்தில் கொண்டு இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளி அணிகளுக்குத் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று தனி வழி உண்டு என்பதால், பள்ளிக்கு வெளியே இயங்கும் குழுக்களுக்கே இது பொருந்தும்.

படி 1: ஓராண்டுச் செலவை எழுதுதல்

யாரிடமும் போய் நிற்பதற்கு முன்னால், ஓராண்டுச் செலவை மூன்று தலைப்பில் எழுத வேண்டும். முதல் தலைப்பு ஆண்டுதோறும் வந்தே தீரும் செலவு: பந்து, வலை, ஜெர்ஸி, முழங்கால் உறை, நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, போட்டி நாள் சாப்பாடு. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது: கபடிக் களத்தில் விரிக்கும் மேட், விளக்குக் கம்பம், வாலிபால் கம்பம். மூன்றாவது காயச் செலவு. இந்த மூன்றாவதை எழுதாமல் விடுகிற குழுக்கள் அதிகம். ஒரு பிள்ளைக்கு முழங்கால் தசைநார் கிழிந்தால்தான் அது நினைவுக்கு வரும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இந்தப் பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கேட்கலாம். கபடி மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்கள் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மேட் ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாகக் கிடைக்கிறது. ஆகவே ஆண்கள் களத்துக்கு 130 துண்டுகளும் பெண்கள் களத்துக்கு 96 துண்டுகளும் தேவை. “மேட் வாங்க உதவுங்கள்” என்று கேட்டால் கொடுப்பவருக்கு அது எட்டாத தொகையாகத் தோன்றும். “96 துண்டு வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு துண்டு” என்று கேட்டால், கூலிக்குச் செல்லும் குடும்பம்கூடத் தன்னால் முடிந்த பங்கு இது என்று முன்வரும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு துண்டு வாங்கிக் கொடுப்பதும் உண்டு. கொடுத்தவர் பெயரைத் துண்டின் மேல் ஒட்டக் கூடாது, ஏனெனில் ஒட்டுத்தாள் உரிந்து கால் வழுக்கும். அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிட்டு, முழுப் பட்டியலையும் மைதானத்துப் பலகையில் வைத்தால் போதும். கோயில் விளக்கில் “உபயம்” என்று பெயர் பார்த்துப் பழகிய நம் ஊர்களில் இந்த முறை ஏன் நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

படி 2: சங்கமாகப் பதிவு செய்தல்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சங்கத்தின் நோக்கம், துணை விதிகள், நிர்வாகிகள் விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவான பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும், கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் கட்டாயம். இதை விட்டுவிட்டு, நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் ஆவணம் கேட்கும்போது ஓடுவது வீண் அலைச்சல்.

நிர்வாகிகளில் பிள்ளைகளின் தாய்மார் இருவராவது இருக்கட்டும். பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது, உடன் செல்பவர்களில் பெண்கள் யார் என்பதைத்தான். அந்த நம்பிக்கை நன்கொடையிலும் தெரியும்.

பதிவுச் சான்று கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்க வேண்டும். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். யுபிஐ கியூஆர் அட்டையும் சங்கக் கணக்குக்கே இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்கும் பழக்கம், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒருநாள் அவரைத் தலைகுனிய வைக்கும். அவருடைய மளிகைச் செலவும் குழுவின் வேன் வாடகையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் அவராலேயே பிரித்துக் காட்ட முடியாது.

படி 3: ரசீதுப் புத்தகம்

வரிசை எண் அச்சிட்ட, நகல் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் சங்கத்தின் பெயர், பதிவு எண், தேதி, கொடுத்தவர் பெயர், தொகை எண்ணாலும் எழுத்தாலும், எதற்காக என்ற குறிப்பு, வாங்கியவர் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, யாரிடம் கொடுக்கப்பட்டது என்று பொருளாளர் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே புத்தகத்தைக் கொடுப்பார். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடிட்டு “ரத்து” என்று எழுதி, மூலத்தை நகலோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைக்க வேண்டும். வசூல் முடிந்ததும் புத்தகத்தின் எல்லா எண்களும் கணக்கில் நேராக வேண்டும். ஒரு ரசீது காணாமற்போனாலும் ஊரில் பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு அடுத்த ஆண்டு வசூலைப் பாதிக்கும்.

வசூலுக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. டோல்கேட்டிலும் பேருந்து நிலையத்திலும் ஜெர்ஸி அணிந்த சிறுவர்கள் உண்டியலோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வாகனங்களுக்கு நடுவே அவர்கள் ஓடுவது ஆபத்து. பணம் குறைந்தால் பழி அவர்கள்மேல் விழுவது அதைவிடக் கொடுமை. பெரியவர்கள் இருவராகச் செல்லட்டும். பிள்ளைகள் உடன் வந்தால், நன்றி சொல்லும் அளவில் நிற்கட்டும்.

படி 4: முன்னாள் ஆட்டக்காரர்களின் மாதச் சந்தா

நிதி திரட்டுவது என்றதும் எல்லோரும் போட்டி நடத்தத்தான் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு குழுவை ஆண்டு முழுவதும் நிற்கவைப்பது மாதந்தோறும் வரும் சிறு தொகைதான். உங்கள் குழுவில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறைக்கோ ரயில்வேக்கோ சென்றவர்கள், திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள், ஊரிலேயே கடை வைத்திருப்பவர்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். நாற்பது பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் மாதம் 8,000 ரூபாய், ஆண்டுக்கு 96,000 ரூபாய். இது வழக்கமான பயணச் செலவைத் தாங்கும். கொடுப்பவருக்கும் பாரமில்லை.

இந்தச் சந்தாவை நினைவூட்டிக் கேட்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதோடு, மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் அந்த மாத வரவு, செலவு, கையிருப்பு ஆகிய மூன்று எண்களையும் பயிற்சிப் படம் ஒன்றையும் போட வேண்டும். யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலை ஒருபோதும் பொதுவில் போடாதீர்கள். வேலை இழந்த ஒருவர் அதைப் பார்த்துக் கூனிக்குறுகிக் குழுவை விட்டே விலகிவிடுவார்.

பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஊருக்குத் திருப்பிச் செய்ததற்குச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நல்ல சான்று. அங்கே டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து இந்திய அணிவரை சென்ற டி. நடராஜன், 2023-இல் தன் ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். எல்லாக் குழுவுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கமாட்டார். ஆனால் ஒரு காவலரும் ஓர் ஆசிரியரும் ஒரு லாரி உரிமையாளரும் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

படி 5: கடைகளிடமும் தொழில் செய்பவர்களிடமும் கேட்பது

கடைக்காரரிடம் பணமாகக் கேட்பதைவிட, அவர் தொழிலோடு ஒட்டிய ஒன்றைக் கேட்பது நல்லது. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் டீசல் தரலாம்; அரிசி மண்டிக்காரர் பயிற்சி முகாமுக்கு ஒரு மூட்டை அரிசி தரலாம்; மருந்துக்கடைக்காரர் முதலுதவிப் பெட்டியை ஆண்டு முழுவதும் நிரப்பித் தரலாம்; அச்சகத்தார் நோட்டீஸ் அடித்துத் தரலாம். கேட்கும் கடிதம் அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

“வணக்கம் ஐயா. நம் ஊர் மகளிர் கபடிக் குழுவில் இந்த ஆண்டு 14 பிள்ளைகள் ஆடுகிறார்கள். வரும் மாதம் மாவட்டப் போட்டிக்கு அவர்களை அழைத்துச் செல்லும் வேனின் டீசல் செலவைத் தங்கள் நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். தங்கள் கடையின் பெயரை மைதானத்துப் பலகையில் ஓராண்டு வைப்போம். செலவு விவரத்தையும் போட்டிப் படத்தையும் திரும்பி வந்த வாரமே நேரில் கொண்டுவந்து தருவோம்.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னபடி செய்யுங்கள். தோற்றுத் திரும்பினாலும் படத்தோடு போய் நின்று நன்றி சொன்ன குழுவை எந்தக் கடைக்காரரும் மறப்பதில்லை. பெயர்ப் பலகைகளை மைதானத்தின் உள்ளேயே வையுங்கள். சாலையோரத்தில் அனுமதியில்லாமல் பேனர் கட்ட வேண்டாம். 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு இது குறித்து மேலும் விளக்கம் தேவையில்லை.

படி 6: போட்டி நடத்துதல்

மின்னொளிக் கபடிப் போட்டி என்றால் ஊருக்கே திருவிழாதான். ஆனால் நிதி திரட்டும் வழியாக அதைப் பார்க்கும்போது, எழுதிப் பார்க்காமல் இறங்கக் கூடாது. 24 அணிகள் வருகின்றன, ஓர் அணிக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 12,000 ரூபாய். நடுவர் ஊதியம், பந்தல், விளக்கு, ஜெனரேட்டர், மைக் செட், வர்ணனையாளர், அணிகளுக்குச் சாப்பாடு, பரிசுத் தொகை என்று எழுதினால் அந்த 12,000 முதல் பரிசுக்கே போதாது. ஆகவே மிச்சம் என்று ஒன்று வந்தால், அது பரிசு வழங்குபவர்களிடமிருந்தும் கடை வாடகையிலிருந்தும்தான் வரும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். தோற்றால் வெளியேறும் முறையில் 24 அணிகளுக்கு 23 ஆட்டங்கள். பெண்கள், இளையோர் பிரிவுகளில் பாதிக்கு 15 நிமிடம், இடைவேளை 5 நிமிடம் என ஓர் ஆட்டம் 35 நிமிடம். அணிகள் மாறப் பத்து நிமிடம் சேர்த்தால் 45 நிமிடம். ஒரே களத்தில் 23 ஆட்டங்களை முடிக்கப் பதினேழு மணி நேரத்துக்கு மேலாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளை விடியற்காலை மூன்று மணிக்கு அரையிறுதி ஆடவைப்பது காயத்தை வலிந்து அழைப்பதாகும். ஆகவே இளையோர் போட்டி என்றால் 12 அணிகளோடு நிறுத்துங்கள். 11 ஆட்டங்கள், எட்டேகால் மணி நேரம், காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். ஜெனரேட்டர் வாடகையும் மிச்சம். பகலில் பெற்றோர் வருவார்கள், பெண்கள் வருவார்கள், தின்பண்டக் கடைகளில் வியாபாரம் நடக்கும்.

நாள் குறிக்கும்போது வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊர் திரும்பும் பொங்கலையும் கோயில் கொடையையும் மே விடுமுறையையும் பாருங்கள். இடத்துக்கு உரிய ஊராட்சியிடமோ பள்ளியிடமோ எழுத்து மூலம் ஒப்புதலும், காவல் நிலையத்தில் அனுமதியும் முன்கூட்டியே வாங்குங்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, முதலுதவி தெரிந்த ஒருவரையும் வண்டி ஒன்றையும் மைதானத்திலேயே நிறுத்துங்கள்.

பரிசுத் தொகையில்தான் குழுக்கள் அதிகம் சிக்குகின்றன. முதல் பரிசு தருவதாக மேடையில் அறிவித்தவர் போட்டி முடிந்த பிறகு தொலைபேசியை எடுக்காமல் இருந்தால், வென்ற அணிக்கு நிர்வாகிகள்தான் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். தொகை சங்கக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே நோட்டீஸில் பெயர் அச்சாகும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும், “கமிட்டி முடிவு ஐயா” என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். இளையோர் போட்டிக்குப் பெரிய ரொக்கப் பரிசே தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு சுழற்கோப்பை, வென்ற அணிக்கு ஜெர்ஸி, சிறந்த பிடி வீரருக்கும், எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவர்களில் சிறந்தவருக்கும் காலணி என்று வைத்தால் செலவு குறையும். ரொக்கத்துக்காக வயது மறைத்து ஆள் இறக்கும் தொல்லையும் குறையும்.

இறுதியாட்டத்துக்கு முன் ஏலம் விடுவது நல்ல வரவு தரும். ஆட்டுக்குட்டி, சேவல், முதல் தேங்காய், அணித் தலைவர் கையெழுத்திட்ட ஜெர்ஸி என எதுவும் ஏலத்துக்கு வரலாம். எடுத்தவர் பணத்தை அங்கேயே கட்டிவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். விருந்து வைத்து ஊராரிடம் பணம் திரட்டும் புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதி மொய் விருந்தைப் போலக் குழுவுக்கும் நடத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். திருப்பிச் செய்ய வழியில்லாத பிள்ளைகளின் பெயரில் அதை வாங்குவது சரியல்ல.

குலுக்கல் சீட்டு வேண்டவே வேண்டாம். பத்து ரூபாய்ச் சீட்டு, பரிசு இருசக்கர வாகனம் என்று விற்பது எளிதாகத் தெரியும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அனுமதியின்றிப் பணம் வாங்கிக் குலுக்கல் நடத்துவது வழக்கில் கொண்டுபோய் விடும்.

படி 7: வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வாங்குவது

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் உதவி பெரிது. இதில் ஒரு சட்ட நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி அவர் வெளிநாட்டவர்தான். மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே பணம் வரும் முன்பே கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டு, இந்தியக் கடவுச்சீட்டின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: அரசு வழிகளும் நிறுவன நிதியும்

2024-இல் தமிழ்நாடு அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகை விளையாட்டுக் கருவிகள் கொண்ட தொகுப்பை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பந்து வாங்கக் காசு திரட்டும் முன், உங்கள் ஊராட்சிக்கு வந்தவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பூட்டிய அறையில் இருந்தால், பிள்ளைகள் பயன்படுத்தும்படி தரச் சொல்லி மனுக் கொடுங்கள். மைதானச் சுற்றுச்சுவர், விளக்கு போன்ற நிலையான பணிகளுக்கு, மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் “நமக்கு நாமே” திட்டத்தையும், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனிப்பட்ட வீரருக்கான பயணம், கருவிகளுக்கு 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்தால் இப்போதைய நடைமுறையைச் சொல்வார்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஊரக விளையாட்டுப் பயிற்சிக்கு இடமுண்டு; 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நிதியைப் பெற்றுச் செயல்படுத்தும் சங்கத்துக்கு வருமான வரித்துறையின் அறக்கட்டளைப் பதிவும், 80ஜி என்று பரவலாக அறியப்பட்ட வரிச்சலுகை ஒப்புதலும், மூன்றாண்டுச் செயல்பாடும், நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவும் வேண்டும். நன்கொடையாளருக்கு அந்த வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் கிடைக்காது. புதிய சங்கம் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்றாண்டுக் கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பதே இந்தக் கதவைத் திறக்கும் சாவி.

படி 9: யாரிடம் வாங்கக் கூடாது

புகையிலை நிறுவனங்களின் ஆதரவுக்குச் சட்டத்திலேயே தடை உண்டு. ஆன்லைன் பண விளையாட்டுச் செயலிகளின் விளம்பரத்தை 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இவை எளிய முடிவுகள். கடினமானது, சாதி அமைப்புகளின் பெயரில் வரும் பணம். ஜெர்ஸியில் அந்தப் பெயரோ நிறமோ ஏறினால், மறு தெருப் பிள்ளை அடுத்த நாள் மைதானத்துக்கு வரத் தயங்குவான். எவ்வளவு பெரிய தொகையானாலும் அதை மறுத்துவிட வேண்டும் என்றே நான் சொல்வேன். கட்சிக்காரர்கள் தனிமனிதராகக் கொடுத்தால் வாங்கலாம். கொடியும் சின்னமும் மைதானத்துக்குள் வரக் கூடாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

படி 10: கணக்கைப் படிப்பதும் மிச்சத்தை வைப்பதும்

போட்டி முடிந்து பதினைந்து நாளுக்குள் ஊர்ப் பொது இடத்தில் கூட்டம் போட்டு, வரவு செலவை உரக்கப் படியுங்கள். அச்சிட்ட நகலை மைதானத்துப் பலகையிலும் தேநீர்க்கடையிலும் ஒட்டுங்கள். கேள்வி கேட்பவரைப் பகையாகப் பார்க்காமல், அவருக்கு ரசீதுக் கோப்பைத் திறந்து காட்டுங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டுக் கணக்குச் சரிபார்ப்புக் குழுவில் அவரையே சேருங்கள்.

மிச்சத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது காய நிதியாக எடுத்துத் தனி வைப்புத்தொகையில் போடுங்கள். அதை எடுக்க யார் யார் ஒப்புதல் வேண்டும், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு அட்டை தாங்காத எந்தெந்தச் செலவைக் கொடுப்பது என்பதைப் பொதுக்குழுத் தீர்மானமாகவே எழுதிவையுங்கள். காயம்பட்ட பிள்ளையின் தந்தை யார் வீட்டு வாசலிலும் நின்று கேட்கும் நிலை வராதபடி, காயம் நடந்த அன்றே பொருளாளர் மருத்துவமனைக்குப் போய் முதல் கட்டச் செலவைக் கட்ட அந்தத் தீர்மானமே அவருக்கு அதிகாரம் தர வேண்டும்.